பூசணத்துக்கு வந்த காய்ச்சல்

ஒட்டுக்காரிக்குக் கோபம் வந்தால் முகத்தில் தெரியாது. மற்றவர்கள் கோபத்தைக் கொட்டித் தீர்த்துவிட்டு மறுநாள் சிரித்துப் பேசுவார்கள். இவள் அதைப் பதியம் போட்டு வைப்பாள். வேர் விடட்டும் என்று பொறுமையாக ஈரம் காட்டிக்கொண்டே இருப்பாள். அவளைக் கட்டியவனுக்கே இது கல்யாணமாகி வெகுகாலம் கழித்துத்தான் பிடிபட்டது.

"உன்கிட்ட சண்டை போட்டா அன்னிக்கே போட்டு முடிச்சிடணும்டி. மறுநாளைக்கு வச்சா வட்டியோட வருது" என்பான்.

அவளுக்குப் பெயர் இருந்தது. கூப்பிடத்தான் ஆளில்லை. சின்ன வயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டு நாற்றங்காலில் தொட்டி கழுவ வந்தவள். அங்கே ஒட்டுக் கட்டுகிறவர்களின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் சொல்லித் தரவில்லை, அவளும் கேட்கவில்லை. ஒருநாள் அவர்கள் சாப்பிடப் போன நேரத்தில், எறிந்துவிட்ட குச்சிகளை எடுத்து, எறிந்துவிட்ட கன்றுகளில் கட்டிப் பார்த்தாள். அத்தனையும் துளிர்த்தன. ஒட்டுக்காரி என்பது அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர்தான்.

அந்தச் சரிவு முழுக்க முள்ளோட்டுக் கொட்டை மரங்கள். காய் பச்சையாக இருக்கும்போது தொட்டால் கையைக் கிழிக்கும். முற்றி வெடித்தால் உள்ளே பழுப்பு நிறத்தில் பளபளவென்று கொட்டை. விதை போட்டு முளைக்கிற கன்று எப்படிக் காய்க்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் நன்றாகக் காய்க்கிற மரத்திலிருந்து விரல் கனத்துக்குக் குச்சி வெட்டி, கன்றின் தலையைச் சீவி, பட்டைக்குப் பட்டை பொருந்தச் செருகிக் கட்டுவார்கள். அதுதான் ஒட்டு. கட்டுகிற கை சுத்தமாக இல்லாவிட்டால் ஒரு மரத்துச் சீக்கு இன்னொரு மரத்துக்குப் போய்விடும். ஆகவே ஒட்டுக்காரி இடுப்பில் ஒரு சின்ன டப்பாவில் ஸ்பிரிட் கட்டிக்கொண்டிருப்பாள். ஒரு மரம் முடிந்து அடுத்த மரத்துக்குப் போகும்முன் கத்தியை அதில் முக்கித் துடைப்பாள். மழை கொட்டினாலும் துடைப்பாள்.

"கத்தியைக் குளிப்பாட்டித் தலை துவட்டிப் பவுடர் போட்டுட்டுத்தான் வருவா" என்று நாற்றங்காலில் சிரிப்பார்கள். அவளும் சிரித்துக்கொள்வாள். கேலி செய்கிறவர்களே தங்கள் தோப்புக்கு ஒட்டுக் கட்ட அவளைத்தான் கூப்பிட்டார்கள்.

கட்டிக்கொண்டது தோப்புக்காரர் வீட்டு இளைய பிள்ளையை. மூத்தவர், அதாவது அவளுடைய மூத்தார், வாய்க்காரர். பத்துப் பேர் கூடிய இடத்தில் அவர் குரல்தான் கேட்கும். நல்லவர் என்று சொல்ல முடியாது, கெட்டவர் என்றும் சொல்லிவிட முடியாது. தோள்மேல் கைபோட்டுப் பேசுவார், கடன் கேட்டால் கொடுப்பார், கொடுத்ததை நாலு பேரிடம் சொல்லுவார். தப்பு செய்தால் மட்டும் அது தன் மேல் இறங்க விடமாட்டார். பக்கத்தில் யார் நிற்கிறார்களோ அவர்கள் தலையில் தள்ளிவிட்டு நகர்ந்துவிடுவார். வழக்கமாகப் பக்கத்தில் நின்றது தம்பி. தம்பி மாரடைப்பில் போய்ச் சேர்ந்ததும் அந்த இடம் காலியாயிற்று.

தோப்பைப் பிரித்தார்கள். மேல்பாதி மூத்தாருக்கு, சாலையோரத்துக் கீழ்ச்சரிவு ஒட்டுக்காரிக்கு. நடுவே கம்பி வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் மூத்தார் பங்கில் ஒரு வரிசை மரம் நின்றது. கல்யாணமான புதிதில் அவளும் புருஷனும் சேர்ந்து கட்டிய ஒட்டுகள். அவன் கன்றைப் பிடிக்க, இவள் செருகிக் கட்டியது. பங்கு பிரித்தபோது அந்த வரிசையைக் கேட்கலாமா என்று நினைத்தாள். வாய் வரவில்லை.

பிரித்த அடுத்த துளிர்காலத்தில் மூத்தார் எங்கிருந்தோ லாரியில் ஒரு கட்டு ஒட்டுக்குச்சி இறக்கினார். ஈரச்சாக்கில் சுற்றியிருந்தது. மலிவாகக் கிடைத்ததாம், காய் முட்டையளவு வருமாம். கட்டித் தரச் சொல்லி ஒட்டுக்காரியைக் கூப்பிட்டார். அவள் சாக்கைப் பிரித்து ஒவ்வொரு குச்சியாகப் புரட்டினாள். ஒன்றின் பட்டையில் கடுகளவு செம்மஞ்சள் பொட்டு. இன்னொன்றிலும் இருந்தது.

"இது வேணாம் அத்தான். பட்டையில என்னமோ இருக்கு."

"சாக்குக் கம்பியோட துரு அது. உனக்கு எதுலதான் குத்தம் தெரியாது? பிறந்த குழந்தையைக் காட்டினாக்கூட நகம் நீளம்னு சொல்லுவ."

"நான் கட்ட மாட்டேன்."

"நீ கட்டலைன்னா கை இல்லாத ஊரா இது?"

அவரே கட்டினார், கூலிக்கு ஒருவனை வைத்துக்கொண்டு. தன் பக்கத்தில் வேலியோரம் வரை கட்டினார்.

பொட்டு சும்மா இருக்கவில்லை. சில வருஷத்தில் அந்த ஒட்டுகளின் பட்டை குழிந்து வெடித்தது. வெடிப்பில் செம்மஞ்சள் பொடி. புண் கிளையைச் சுற்றி வளைத்து இரண்டு முனையும் சந்தித்துவிட்டால், அதற்கு மேல் உள்ள இலையெல்லாம் நடு வெயில் காலத்திலேயே காய்ந்து தொங்கும். உதிரவும் உதிராது. பச்சைத் தோப்புக்கு நடுவில் அந்தப் பழுப்புக் கிளை, தூக்கில் தொங்குகிற மாதிரி தெரியும். பிறகு அடிமரத்தில் வந்தது. பிறகு வேலியைத் தாண்டியது. பிறகு பக்கத்துத் தோப்புகள்.

ஒருநாள் நாற்றங்கால் முற்றத்தில் தோப்புக்காரர்கள் கூடி நின்று தலையில் கைவைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். கன்று வாங்க வந்த ஒட்டுக்காரி தொட்டி அடுக்குக்குப் பின்னால் நின்றாள். அவள் நிற்பதை யாரும் பார்க்கவில்லை. எங்கிருந்து வந்தது இந்தச் சனியன் என்று யாரோ கேட்டார்கள். மூத்தார் குரல் கேட்டது.

"சொன்னா நம்ம குடும்பத்துக்கே அசிங்கம். ஆனா சொல்லாம இருக்க முடியலை. எல்லாம் தம்பி பொண்டாட்டி கத்தியில வந்தது. ஊரெல்லாம் போய்க் கட்டுறா. எந்த மரத்துல எதை வெட்டினாளோ. கழுவுறேன் கழுவுறேன்னு ஒரு டப்பாவை ஆட்டிக்கிட்டுத் திரியறா, அதுக்குள்ள தண்ணியா ஸ்பிரிட்டான்னு யாரு கண்டா?"

யாரும் மறுத்துச் சொல்லவில்லை. "அப்படியும் இருக்கும்" என்றார் நாற்றங்கால் முதலாளி. அவர் கடையில்தான் அவள் ஸ்பிரிட் வாங்குவாள்.

அவள் முன்னால் வந்து "பொய்" என்று சொல்லியிருக்கலாம். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கன்று வாங்காமல் வந்த வழியே திரும்பினாள். அந்தத் துளிர்காலம் அவளை யாரும் ஒட்டுக் கட்டக் கூப்பிடவில்லை. அடுத்த துளிர்காலமும் இல்லை. எதிரே வந்தவர்கள் அவள் இடுப்பு டப்பாவைப் பார்த்தார்கள், பிறகு முகத்தைப் பார்த்தார்கள். தொழில் போனதைவிட அந்தப் பார்வைதான் அவளை அறுத்தது.

அன்றைக்குப் பதியம் போட்டாள். இந்த மனுஷன் இதே முற்றத்தில், இதே ஆட்கள் முன்னால், இதே வாயால் அதைத் திரும்ப எடுக்கணும். எடுக்கும்போது வலிக்கணும்.

எப்படி என்றுதான் தெரியவில்லை.

மரநோய் அலுவலகத்திலிருந்து ஓர் அம்மாள் வந்தது அப்புறம்தான். ஒல்லியான உடம்பு, தடித்த கண்ணாடி, சேறு ஒட்டிய ஷூ. ஊர் அவருக்குப் 'பூசண மேடம்' என்று பெயர் வைத்தது. அந்த அம்மாளுக்கு அது தெரியும், கோபித்துக்கொள்ளவில்லை. முதலில் மூத்தார் தோப்புக்குத்தான் போனார். அங்கே நடந்ததை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று ஒட்டுக்காரி கேட்டாள்.

"பூசணத்துக்கு மருந்தா பூசணத்தையே தடவுறதா?" என்று மூத்தார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஏம்மா, வீட்டுல திருடன் புகுந்தா இன்னொரு திருடனைக் கூப்பிட்டு உட்கார வைப்பீங்களா? எங்களுக்குத் தெரிஞ்ச வைத்தியம் ஒண்ணுதான். புண்ணு இருக்கா, வெட்டு. வெட்டினியா, எரி."

மேடம் இறங்கி ஒட்டுக்காரி தோப்புக்கு வந்தார். பையிலிருந்து இரண்டு வட்டக் கண்ணாடித் தட்டுகளை எடுத்துக் கல்மேல் வைத்தார். ஒன்றில் பூசணம் செம்மஞ்சளாகப் படர்ந்திருந்தது, ஒட்டுக்காரிக்குத் தெரிந்த அதே நிறம். இன்னொன்றில் வெள்ளைவெளேர் என்று, சாம்பல் பூத்தாற்போல.

"ரெண்டும் ஒரே பூசணம்தான்மா. இந்த வெள்ளைக்கு உடம்பு சரியில்லை. ஒரு வைரஸ் பிடிச்சிருக்கு."

ஒட்டுக்காரி தட்டைக் கையில் எடுத்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இதுக்கும் காய்ச்சல் வருமா?"

"வரும். சாகாது. ஆனா தெம்பு போயிடும். மரத்து மேலதான் இருக்கும், தோலை மட்டும் சுரண்டிக்கிட்டுக் கிடக்கும், உள்ள போய்க் கொல்ல முடியாது. அதுக்குள்ள மரம் சுத்தி வரப் புதுப்பட்டை கட்டிக்கும்."

"நல்லா வேணும்" என்றாள் ஒட்டுக்காரி. தட்டிலிருந்த வெள்ளைப் படர்வைப் பார்த்துத்தான் சொன்னாள். மேடம் சிரித்துவிட்டார்.

வைரஸ் தானாக நடந்து போகாது என்றும் மேடம் சொன்னார். காய்ச்சல்காரப் பூசணத்தைப் புண்ணின் ஓரத்தில் வைக்க வேண்டும். இரண்டும் நூல் நூலாக வளர்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் வைரஸ் இதிலிருந்து அதற்குப் போகும். ஆனால் எல்லாப் பூசணமும் எல்லாவற்றோடும் ஒட்டாது. வகை பொருந்த வேண்டும்.

"ஒட்டுக் கட்டுற மாதிரிதான்" என்றாள் ஒட்டுக்காரி. "சொந்தத்துக்குள்ளதான் ஒட்டும்."

"சரியாச் சொன்னீங்க. சொந்தத்துக்குள்ளதான் தொத்தும்."

"எங்க குடும்பம் மாதிரி."

மேடம் அவள் தோப்பிலும் வேலியோரத்திலும் பட்டைத் துணுக்குகளைச் செதுக்கி எடுத்துப் போனார். திரும்பி வந்தபோது, இங்கே இருப்பது முழுக்க ஒரே வகைதான், எல்லாம் ஒரே இடத்திலிருந்து இறங்கினதாகத்தான் இருக்கும், அதனால் ஒரே மருந்து எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்றார். ஒட்டுக்காரி தலையாட்டினாள். எந்த இடத்திலிருந்து இறங்கியது என்று அவளுக்குத் தெரியும். அந்த ஈரச்சாக்கின் வாடை இன்னும் மூக்கில் இருந்தது.

வேலை இதுதான்: புண்ணின் விளிம்பைச் சுற்றி நல்ல பட்டையில் வரிசையாகத் துளை போடவேண்டும். ஒவ்வொரு துளையிலும் காய்ச்சல்காரப் பூசணம் கலந்த வெள்ளைக் களிம்பை அடைத்து மேலே டேப் சுற்றவேண்டும். ஒட்டுக்காரிக்கு அது கைவந்த காரியம். ஏணி போட்டு ஏறி, துளையைத் துளைத்து, களிம்பை வைத்து, கட்டைவிரலால் அழுத்துவாள். அழுத்தும்போது பூசணத்தோடு பேசுவாள். "திங்கிறியா? தின்னு. இதையும் தின்னு. உன் சொந்தக்காரந்தான் வந்திருக்கான், கட்டிப் பிடிச்சுக்கோ." மூத்தார் முகத்தில் அறைய முடியாத அறையெல்லாம் அந்தக் கட்டைவிரலில் இறங்கியது.

ஊர் பேசியது. நோயைக் கத்தியில் கொண்டு வந்தவள் இப்போது கையால் அள்ளித் தடவுகிறாள் என்றார்கள். மூத்தாருக்கு அது தேனாக இனித்தது. "நான் அன்னைக்கே சொன்னேன், யாரு கேட்டா?" என்று சாலையில் நிற்கிற லாரிக்காரரிடம்கூடச் சொன்னார்.

மருந்து அவசரப்படவில்லை. முதல் வருஷம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் வருஷம் சில புண்கள் வளைப்பதை நிறுத்தின. அப்புறம் ஓரம் தடித்து, மரம் உள்ளிருந்து உதட்டைப் பிதுக்குவது போலப் புதுப்பட்டை கிளம்பியது. செம்மஞ்சள் வெளுத்தது. ஆனால் பார்க்க அழகாக இருக்கவில்லை. ஆறுகிற புண் வீங்கிக் கரடுமுரடாக, பெரிய தழும்பாக, நோய் முற்றியதைப் போலவேதான் இருந்தது. பழகிய கண்ணுக்குத்தான் வித்தியாசம் தெரியும். மேலே பார்த்தால் போதும், இலை பச்சையாக இருக்கும்.

இலை உதிர்கிற காலத்தில் ஒருநாள் அவள் வேலியோரம் சருகு கூட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது அந்தப் பக்கத்து மரத்தின் அடியில் ஒரு புண் கண்ணில் பட்டது. வீங்கியிருந்தது. ஓரம் தடித்திருந்தது. நிறம் வெளுத்திருந்தது.

கூட்டுவதை விட்டுவிட்டு வேலியில் முகத்தை அழுத்திப் பார்த்தாள். அடுத்த மரத்திலும் அதே தழும்பு. அதற்கடுத்ததில் இரண்டு. மழைத் தூறலிலோ, காற்றிலோ, எறும்பின் காலிலோ, அவள் வைத்த காய்ச்சல் வேலியைத் தாண்டிவிட்டது. ஒரே வகைப் பூசணம். சொந்தத்துக்குள் தொத்திவிட்டது. மூத்தார் தோப்பு, மூத்தாருக்கே தெரியாமல், பிழைக்கத் தொடங்கியிருந்தது.

முதலில் வந்தது ஆத்திரம். அவள் ஏணி ஏறி, அவள் கட்டைவிரல் தேய வைத்த மருந்து, போயும் போயும் அந்த மனுஷனுக்கா? கேட்காமல், கெஞ்சாமல், ஒரு வார்த்தை சொல்லாமல் கிடைத்துவிட்டதா? அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் காலையில் ரம்பச் சத்தம் கேட்டது.

மூத்தார் அறுப்பு ஆட்களை வரவழைத்திருந்தார். ரம்ப மேஸ்திரி முன்னால் நடக்க, மூத்தார் கையில் சுண்ணாம்புக் கட்டியோடு, அறுக்கவேண்டிய மரத்துக்கெல்லாம் பெருக்கல் குறி போட்டுக்கொண்டே வந்தார். எதற்குக் குறி போடுகிறார் என்று அவள் கவனித்துப் பார்த்தாள். பெரிதாக, வீக்கமாக, பயங்கரமாகத் தெரிந்த புண்ணுக்கெல்லாம் குறி போட்டார். சின்னதாய், தட்டையாய், செம்மஞ்சள் மின்னுகிற புதுப்புண்களை "இது இப்பதான் ஆரம்பம், அப்புறம் பாத்துக்கலாம்" என்று விட்டுவிட்டார்.

ஆறுகிறதை அறுத்துக்கொண்டிருந்தார். கொல்லுகிறதை விட்டுவைத்துக்கொண்டிருந்தார்.

ஒட்டுக்காரி துடைப்பத்தைப் பிடித்தபடி நின்றாள். ஒரே ஒரு வாக்கியம் போதும். "அத்தான், அது ஆறுன புண்ணு, வெட்டாதீங்க." அந்த வாக்கியம் அவள் வாயில் முழுசாக இருந்தது. இந்த முறை நாக்கு ஒட்டிக்கொள்ளவில்லை. அவளாகத்தான் வாயை மூடிக்கொண்டாள்.

அன்று புகை எழுந்தது. மறுநாளும் எழுந்தது. அறுத்த கட்டைகளைக் குவித்து, தழும்போடு, தழும்புக்குள் இருந்த காய்ச்சலோடு, எரித்தார்கள். ஒட்டுக்காரி தினமும் ஏதாவது ஒரு வேலையைச் சாக்காக வைத்து வேலியோரத்துக்கு வந்தாள். சாய்கிற ஒவ்வொரு மரத்துக்கும் உள்ளே என்னவோ நிரம்பியது. பசியாறின மாதிரி இருந்தது. மூத்தார் அவளைப் பார்த்துக் கத்தினார்.

"என்ன, வேடிக்கையா? உன்னால வந்த சாவுதான் இது, நல்லாப் பார்த்துக்கோ!"

"பார்த்துக்கிட்டுதான் இருக்கேன் அத்தான்" என்றாள் அவள்.

இப்படிப் போனால் விட்டுவைத்த புதுப்புண்களை அடக்க அந்தக் காய்ச்சலே மிஞ்சாது. மிச்ச மரமும் ஒவ்வொன்றாய்ப் போகும். அவள் ஒன்றுமே செய்யவேண்டியதில்லை, வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். இதைவிடச் சுத்தமான பழி எங்கே கிடைக்கும்? ஆனால் ஒன்று உறுத்தியது. மூத்தாருக்கு இது பழி என்றே தெரியாது. தோப்பு போனாலும் "கத்தியில வந்த நோய்" என்றுதான் சாகும்வரை சொல்லிக்கொண்டிருப்பார். அடித்தது யார் என்று அடிபட்டவனுக்குத் தெரியாவிட்டால் அது என்ன அடி?

அறுப்பு ஆட்கள் வேலியோர வரிசைக்கு வந்தார்கள். அவளும் அவனும் சேர்ந்து கட்டிய வரிசை. சுண்ணாம்புக் குறி முதல் மரத்தில் ஏறியது. அந்த மரத்தின் தழும்பைத்தான் அவள் முதன்முதலில் பார்த்தது.

அன்று மத்தியானம் ஓரகத்தி, மூத்தாரின் பெண்சாதி, வேலிக்கு வந்தாள். புகையில் கண் சிவந்திருந்தது. அழுதுமிருப்பாள்.

"எம்மாடி, ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. உன் மரம் எல்லாம் எப்படிப் பட்டுப்போகாம நிக்குது? உன் புண்ணும் எங்க புண்ணும் ஒரே மாதிரிதானே இருக்கு?"

ஓரகத்திக்குக் கண் இருந்தது. ஒட்டுக்காரி அதை எதிர்பார்க்கவில்லை.

"சொல்றேன் அக்கா. அத்தான்கிட்டதான் சொல்லுவேன். அதுவும் நாற்றங்கால் முற்றத்துல, எல்லாரும் கன்று எடுக்க வர்ற அன்னிக்கு. அதுக்கு முன்னாடி அவர் ஒண்ணு சொல்லணும்."

"என்ன சொல்லணும்?"

"நோய் எதுல வந்துச்சுன்னு."

ஓரகத்தி வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "லாரியில வந்த அந்தக் குச்சிச் சாக்கு காயாம நான்தான் கிணத்துத் தண்ணியில நனைச்சேன்" என்றாள் மெல்ல. "எனக்குத் தெரியும்டி. அந்த மனுஷன் சொல்ல மாட்டாரு. மரமெல்லாம் போனாலும் சொல்ல மாட்டாரு."

"அப்போ போகட்டும்."

ரம்பச் சத்தம் அன்றோடு நின்றது. ஓரகத்தி வீட்டுக்குள் என்ன பேசினாள், எதைப் போட்டு உடைத்தாள் என்று யாருக்கும் தெரியாது. சமைக்கவில்லை என்று மட்டும் அறுப்பு ஆட்கள் மூலம் வெளியே வந்தது. மூத்தார் சாலையோரக் கடையில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாராம்.

கன்று எடுக்கிற நாளில் முற்றம் நிரம்பியிருந்தது. மூத்தார் வந்தார். தோளில் கைபோட யாரையும் தேடவில்லை. ஒட்டுக்காரி இந்த முறை தொட்டி அடுக்குக்கு முன்னால் நின்றாள்.

மூத்தார் கூரைத் தூணைப் பார்த்துப் பேசினார். "கத்தி மேல தப்பு ஒண்ணும் இல்லை."

"எந்தக் கத்தி அத்தான்?"

"உன் கத்திதான்."

"அப்போ எதுல வந்துச்சு?"

அவர் கழுத்து சிவந்தது. கூட்டத்தில் ஒருவர் இருமினார். ஓரகத்தி பின்னால் நின்று, "சொல்லுங்க, வாயில என்ன கொழுக்கட்டையா?" என்றாள்.

"நான் வாங்கின குச்சியில." பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "லாரியில வந்த குச்சி. இவ வேணாம்னு சொன்னா. நான்தான் கட்டினேன். போதுமா?"

ஒட்டுக்காரிக்கு அது போதும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நாற்றங்கால் முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டு, "சரி சரி, குடும்பத்துக்குள்ள ஆயிரம் இருக்கும், உட்காரும்மா" என்றார். அவள் உட்காரவில்லை.

"நான் சொல்லுறதையும் கேட்டுக்கோங்க" என்றாள். குரல் சின்னதாகத்தான் வந்தது. அதனாலேயே எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். "வீங்கிப் போய்த் தடிச்சு இருந்ததே, அது நோய் முத்தினது இல்ல. ஆறுறது. நான் வச்ச மருந்து வேலியைத் தாண்டி உங்க மரத்துலயும் பிடிச்சிருந்தது அத்தான். மரம் பொழைச்சுக்கிட்டு இருந்தது. நீங்க இத்தனை நாளா அறுத்து எரிச்சீங்களே, அது நோயை இல்ல. மருந்தை."

மூத்தாருக்கு அது உள்ளே போக நேரம் பிடித்தது. ஒவ்வொரு மரமாக அவர் மனதில் சாய்வதை அவர் முகத்திலேயே அவள் பார்த்தாள். கன்னம் தொய்ந்தது.

"உனக்கு... எப்போ தெரியும்?"

"நீங்க குறி போட்ட முதல் நாளே."

"பார்த்துக்கிட்டா இருந்த?"

"பார்த்துக்கிட்டுதான் இருக்கேன்னு அன்னிக்கே சொன்னேனே."

நாற்றங்கால் முதலாளிதான் கடைசியில், "இருந்தாலும், முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா. நின்ன மரம் என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார்.

"என் மேல பழி விழுந்தப்போ, நீங்க முன்னாடியே என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? ஸ்பிரிட் உங்க கடையிலதானே வாங்கினேன்?"

அவர் நாற்காலியில் தானே உட்கார்ந்துகொண்டார்.

பூசண மேடத்துக்கு விஷயம் போனபோது அவர் சந்தோஷப்படவில்லை. ஏணிக்குக் கீழே நின்று ஒட்டுக்காரியைப் பார்த்த பார்வையில் பழைய சிரிப்பு இல்லை. மேல்பாதியில் பரவியிருந்த காய்ச்சல்தான் இந்தப் பக்கம் முழுக்கத் தோப்புகளைக் காப்பாற்றியிருக்கும், இனி அங்கே முதலிலிருந்து தொடங்கவேண்டும், வருஷங்கள் ஆகும் என்றார். "உங்க கோபம் எனக்குப் புரியுது. ஆனா எனக்கு நியாயமாப் படலை" என்றார். ஒட்டுக்காரி மறுக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. மருந்துப் பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

மிச்சமிருந்த மரங்களுக்கு மருந்து வைக்க அந்தச் சுற்றுவட்டத்தில் அவளை விட்டால் ஆள் கிடையாது. மூத்தாரே கேட்டு அனுப்பினார், ஓரகத்தி வழியாக. அவள் ஒப்புக்கொண்டாள். ஒரே நிபந்தனை: கூலிக்கு வருகிற ஆள் வேண்டாம், ஏணியை மூத்தார்தான் பிடிக்கவேண்டும்.

துளிர்காலத்தில் தொடங்கினார்கள். வெட்டுண்ட அடிக்கட்டைகளுக்கு நடுவே ஏணியைத் தூக்கிக்கொண்டு மூத்தார் அவள் பின்னால் நடந்தார். சாலையில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். லாரிக்காரர் வேகத்தைக் குறைத்து, "என்ன முதலாளி, புது வேலையா?" என்று கேட்டுவிட்டுப் போனார். மூத்தார் ஏணியைத் தோள் மாற்றிக்கொண்டார். இப்போதெல்லாம் அவர் குரல் கொஞ்சம் தாழ்ந்துதான் இருந்தது.

வேலியோர வரிசையின் முதல் மரத்துக்கு வந்தார்கள். சுண்ணாம்புக் குறி மழையில் பாதி கரைந்திருந்தது. ஒட்டுக்காரி அடிமரத்துத் தழும்பைப் பார்த்துவிட்டு ஏறி, மேலே இருந்த இன்னொரு பெரிய தழும்பையும் தடவிப் பார்த்தாள். ஓரம் கெட்டியாக, உருண்டு, முழுசாக மூடிக்கொண்டிருந்தது. இலை கையகலம் விட்டிருந்தது. இதற்கு மருந்தும் வேண்டாம், துளையும் வேண்டாம். இந்த மரம் பிழைத்துவிட்டது.

கீழேயிருந்து மூத்தார் தலையை நிமிர்த்தினார். வெயில் நேராகக் கண்ணில் அடித்தது.

"பொழைக்குமா?" என்றார். அந்தக் குரலில் இருந்த பயத்தை அவள் இதற்கு முன் கேட்டதில்லை.

"சொல்ல முடியாது அத்தான்" என்றாள். "ஏணியை நல்லாப் பிடிங்க. இதுக்கு நேரமாகும்."

பிறகு ஒரு கிளைமேல் சாய்ந்து உட்கார்ந்து, அவசரமே இல்லாமல் கத்தியைத் துடைக்கிற துணியை எடுத்தாள்.